குவைத்திலிருந்து ஏற்றிய விளக்கு

எழிலரசி தன் சொந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டதில்லை, ஒரு ராத்திரி படுத்ததில்லை. அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டும் முன்பே அவள் நர்ஸ் வேலைக்குக் குவைத் போய்விட்டாள். ஜன்னல் எந்தப் பக்கம் வரணும், சமையல் மேடை எவ்வளவு உயரம், ஹாலுக்கு என்ன கலர் என்பதெல்லாம் அவள் போனில் பார்த்துச் சொன்னதுதான். புருஷன் பச்சையப்பன் செங்கல் குவியலுக்கு நடுவில் நின்றுகொண்டு போனைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவான். கிரகப்பிரவேசத்தன்று "சம்சாரம் பக்கத்துல இருக்கணுமேப்பா" என்று ஐயர் சொன்னபோது, போனை ஒரு சொம்பில் சாய்த்து மணைமேல் வைத்தான். ஆஸ்பத்திரி யூனிபார்மில், கண்ணைத் துடைத்துக்கொண்டு, பால் பொங்குவதை அவள் அதிலிருந்து பார்த்தாள்.

பச்சையப்பனுக்குச் சொந்த ஊர் ஆலங்காயம் பக்கம். ஐடிஐ முடித்துவிட்டு ஆம்பூர் வந்தவன், பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். தோல் வெட்டும் பிரஸ் ஒன்றைச் சரிபார்க்கும்போது இடது கை நசுங்கி வேலூருக்குக் கொண்டு போனார்கள். அந்த ஆஸ்பத்திரியில் தினமும் அவன் கையைப் பிரித்துக் கட்டியவள்தான் எழிலரசி. "வலிக்குதா?" என்று கேட்பாள். அவன் இல்லை என்பான். "பொய் சொல்றீங்க. மொகத்தப் பாத்தாலே தெரியுது" என்பாள். கை ஆறிய பிறகும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அவன் வேலூர் பஸ் பிடித்துப் போய் வந்தான். கல்யாணம் ஆயிற்று. ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். ரயில் போனால் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியதே போதும் என்று அவர்கள் இருவரும் பேசுவதை விட்டுவிட்டார்கள். நமக்கென்று ஒரு வீடு வேண்டும் என்றுதான் அவள் கிளம்பிப் போனாள். "ரெண்டே வருசங்க. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுவேன்." அந்த ரெண்டு வருஷம் நீண்டுகொண்டே போயிற்று.

புது வீட்டுக்கு அவன் தனியாளாகக் குடிவந்த வாரத்தில், ஒரு சாயங்காலம் வீடியோவில் பேசும்போது அவள் கேட்டாள்.

"இன்னாங்க, வூடு இருட்டா கீது? லைட் போடலியா?"

"இப்பதான் கம்பெனிலேர்ந்து வந்தேன். போடுறேன்."

"வெளக்கு வைக்கிற நேரத்துல வூடு இருட்டா இருக்கக்கூடாதுங்க. எங்கம்மா சொல்லும். அது நான் செய்ய வேண்டிய வேல." என்றவள், "இங்கேர்ந்தே போட முடியுமா? இப்பதான் போன்லயே எல்லாம் பண்றாங்களாமே" என்றாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். அவன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் போனில் எரியும் பல்பு ஒன்றை வாங்கி வந்து வாசல் நிலைக்குமேல் மாட்டினான். கொஞ்ச நாள் நன்றாகத்தான் எரிந்தது. ஒரு நாள் அவள் அங்கே அழுத்த அழுத்த இங்கே எரியவே இல்லை. விசாரித்துப் பார்த்தால், அவள் அழுத்துவதை இந்தப் பல்புக்குச் சொல்லவென்று பல்புக் கம்பெனிக்காரன் எங்கேயோ ஓடவிட்டிருந்த கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டானாம். பல்பு நன்றாக இருக்கிறது, கரண்டு இருக்கிறது, ஆனால் எரியாது.

"நம்ம வூட்டு லைட்டப் போட எவனோ ஒருத்தன் பர்மிசன் குடுக்கணுமா?" என்று பச்சையப்பனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் அவன் சொந்தமாகச் செய்ய இறங்கினான்.

கம்பெனி ஆபீசில் கழித்துப்போட்ட சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். வீடியோக்களைப் பார்த்து அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஒவ்வொரு கட்டளையையும் கையால் அடிக்க வேண்டும். இங்கிலீஷ் என்றாலே ஒதுங்கிப் போகிறவனுக்கு இந்த இங்கிலீஷ் பயமாக இல்லை. இதை யாரும் வாயால் பேசுவதில்லை, உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்க ஆளில்லை. தப்பாக அடித்தால் தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் காத்திருக்கும். ஒருமுறை ஏதோ ஒரு கட்டளையில் இரண்டு எழுத்து மாறிப்போய் மொத்தமும் அழிந்துபோனது. சிரித்துக்கொண்டே முதலிலிருந்து ஆரம்பித்தான். வீட்டை நிர்வகிப்பதற்கென்றே யார் யாரோ சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் மென்பொருள் ஒன்றை அதில் போட்டான். பிஸ்கட் அளவில் ஒரு வைஃபை போர்டு, அது சொன்னபடி விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலே ஒன்று, இரண்டையும் சுவிட்ச் பெட்டிக்குள் திணித்தான். வெளியாள் யாரும் நுழைய முடியாதபடி எழிலரசியின் போனுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் மட்டும் தனி வழி போட்டான். கரண்டு போனாலும் நிற்காதபடி இன்வெர்ட்டரில் இணைத்தான். பொம்மை வைக்கவென்று அவள் ஆசையாகக் கட்டச் சொன்ன ஷோகேஸில் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி போய் உட்கார்ந்தது.

எல்லாம் முடிந்த அன்று அவன் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இப்ப போடு" என்று செய்தி அனுப்பினான். சுவிட்ச் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். வாசலில் மஞ்சளாக விளக்கு எரிந்தது. கடல் தாண்டி ஒருத்தி கையை நீட்டி விளக்கேற்றிவிட்டாள். பச்சையப்பன் எழுந்துபோய் விளக்குக்குக் கீழே சும்மா நின்றான்.

அதற்குப் பிறகு அவன் வீட்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்தான். தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது, கேட் திறந்திருக்கிறதா, சமையலறையில் எவ்வளவு சூடு என்று எல்லாமே அவள் போனுக்குப் போயிற்று. மோட்டரையும் உள்ளே இருக்கும் விளக்குகளையும் அவள் அங்கிருந்தே போடலாம். "தொட்டில கம்மியாதான் கீது. மோட்டர் போடவா?" என்று வார்டிலிருந்து செய்தி வரும். ஒருமுறை போட்டுவிட்டு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டாள். மாடியிலிருந்து வழிந்த தண்ணீர் பக்கத்து வீட்டு ஹலீமா பீயின் கொடித் துணிகளை நனைத்துவிட்டது. ஹலீமா பீ மதில் மேலாக எட்டி, "அரே பச்சையப்பா, உன் பொண்டாட்டி அங்கே இருந்துகினே என் துணிய ரெண்டாந்தரம் தொவைக்கிறாளே!" என்று சத்தம் போட்டாள். அதை அவன் போனில் சொன்னபோது எழிலரசி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது அவன் காதிலேயே ரொம்ப நாள் இருந்தது.

ஆனால் எத்தனை சேர்த்தாலும் அவனுக்கு அந்த வாசல் விளக்குதான் முக்கியம். ஷிப்ட் முடிந்து வந்து கைகால் கழுவிவிட்டு ஹாலில் உட்காருவான். வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கும். சுவரில் சாதாரண சுவிட்சும் இருந்தது, எழுந்து அழுத்தினால் எரியும். அவன் தொடமாட்டான். அந்த 'டக்' சத்தம் கேட்கும்வரை காத்திருப்பான். சில நாள் சீக்கிரமே கேட்கும், வெயில் இருக்கும்போதே. இன்றைக்கு அவளுக்கு வேலை கம்மி என்று நினைத்துக்கொள்வான். சில நாள் நன்றாக இருட்டிய பிறகு கேட்கும். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்க அழுத்தியிருக்கிறாள் என்று தோன்றும். போனில் பேசும்போது ரெண்டு பேருக்கும் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதைத் தாண்டிப் பேச்சு வராது. அந்தச் சத்தத்தில் அவனுக்கு ஒரு பேச்சு கிடைத்தது.

அவள் மறந்துபோன நாட்களில் அப்படியே இருட்டில் இருப்பான். ஹலீமா பீ மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுவாள்.

"இன்னா பச்சையப்பா, ஆள் உள்ளதானே கீற? ஏன் இருட்டுல உக்காந்துகினு கீற?"

"சும்மாதான் பாய்ம்மா."

"எழுந்து லைட்டப் போடு. பேய் வூடு மாரி கீது."

அவன் போடமாட்டான். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளுக்குச் செய்தி அனுப்பினான். 'இன்னிக்கு வூடு இருட்டு.' அவ்வளவுதான் எழுதினான். அடுத்த வாரமும் ஒருமுறை அதையே எழுதினான்.

அதன்பின் விளக்கு ஒரு நாளும் தவறவில்லை. மழைக்காலம் முழுக்க, பாலாற்றில் தண்ணீர் வந்து ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்த அந்த வாரத்தில்கூட, சாயங்காலமானால் 'டக்' என்று சத்தம் கேட்கும். பச்சையப்பன் மனம் நிறைந்து உட்கார்ந்திருந்தான். அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே அவளிடம் மனசுக்குள் எவ்வளவோ சொன்னான். லைனில் மெஷின் படுத்ததை, மேனேஜரோடு சண்டை போட்டதை, தைக்கும் லைனில் ஒரு பெண் மயங்கி விழுந்ததை, எல்லாம்.

ஒரு சாயங்காலம் கேட் பக்கத்தில் நின்றிருந்தான். மசூதியில் சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு ஆரம்பித்தது. அதே நொடியில் விளக்கு எரிந்தது. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போகத் திரும்பிய ஹலீமா பீ சிரித்தாள்.

"மாஷா அல்லா, உன் பொண்டாட்டி கெட்டிக்காரிதான். கொஞ்ச நாளாப் பாக்கறேன், பாங்கு சொல்றதும் உன் வூட்ல லைட் எரியறதும் ஒண்ணா கீது. நாங்களே இவ்ளோ கரெக்ட் இல்ல."

அவளுக்கு அது வேடிக்கை. பச்சையப்பனுக்கு அது உறுத்தியது. பொழுது சாயும் நொடி தினமும் கொஞ்சம் மாறும், மசூதிப் பாங்கும் அதோடு சேர்ந்து மாறும். வார்டில் நிற்கிற மனுஷி எப்படி அந்த நொடிக்குத் தவறாமல் கையை நீட்டுவாள்? அவன் தொழில் தெரிந்தவன். அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அவளுக்கு டியூட்டி இல்லாத நாளில் கூப்பிட்டான்.

"எழிலு, வாசல் லைட்ட நீதான் போடுறியா?"

"நான்தாங்க போட்டு வச்சிருக்கேன்" என்றாள்.

"போட்டு வச்சிருக்கேன்னா?"

"பொழுது சாஞ்சா தானா எரியற மாரி. அதுலயே அந்த வசதி இருந்துச்சு. நானே பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

எல்லாவற்றையும் அவள் மாற்றியமைக்கலாம் என்று அவன்தான் பெருமையாக உரிமை கொடுத்திருந்தான்.

"எப்பலேர்ந்து?"

"மழைக்கு முன்னாடிலேர்ந்து."

"அப்ப இத்தினி நாளும் நான் யார்கூட உக்காந்துகினு இருந்தேன்?"

அவளுக்குக் கோபம் வந்தது.

"இன்னா பேசறீங்க? என்ன ஐசியூ டியூட்டில போட்டுட்டாங்க. உள்ள போன் எடுத்துகினு போவக்கூடாது. அன்னிக்கு ஒருத்தரு என் கையப் புடிச்சிகினே செத்துப்போய்ட்டாரு. வெளிய வந்து போனப் பாக்கறேன், 'இன்னிக்கு வூடு இருட்டு'ன்னு நீங்க அனுப்பிருக்கீங்க. எனக்கு எப்டி இருக்கும்? நீங்க இருட்டுல உக்காந்துகினு இருப்பீங்கன்னு நெனச்சிகினே என்னால ஊசி போட முடியலங்க. அதான் அப்டிப் பண்ணி வச்சேன்."

அவள் ஆசையாகச் செய்த ஒன்றைத் தன் காத்திருப்பு ஒரு டியூட்டியாக ஆக்கிவிட்டது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதே சமயம் ஆற்றாமையும் அடங்கவில்லை. தனக்கு ஆறுதலாக இருந்ததெல்லாம் சூரியனைப் பார்த்து அந்தப் பெட்டி போட்ட விளக்கு. போனை வைத்துவிட்டு ஷோகேஸ் முன்னால் போய் நின்றான். தானாக எரியும்படி அவள் செய்து வைத்ததை அழிக்க மனம் வரவில்லை. நிறுத்தி மட்டும் வைத்தான். அதற்குப் பிறகு அவள் கையால் போட்ட சில நாள் விளக்கு எரிந்தது, பல நாள் எரியவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பொங்கல் கழிந்து அவளுக்கு லீவு கிடைத்தது. சென்னை ஏர்போர்ட்டிலிருந்து காரில் வரும் வழியெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கேட்டுக்கு முன்னால் இறங்கியதும் தயங்கி நின்றாள். வீடு போனில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்ததா பெரிதாக இருந்ததா என்று அவள் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தான் கலர் சொன்ன சுவரைத் தொட்டுப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவினாள். ஹலீமா பீ ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "வா வா, என் துணிய நனச்சவளே" என்றாள்.

சமையலறைக்குள் போனவள் ஜன்னல் சாத்திய இருட்டில் கொஞ்ச நேரம் தடுமாறினாள். டீ குடிக்கலாம் என்று பின்னால் போன பச்சையப்பன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்து, அதில் தேடி, சமையலறை விளக்கைப் போட்டாள். திரும்பி அவனைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப்போனவள் அழுதுவிட்டாள்.

"எனக்கு இந்த வூடு இப்டித்தாங்க தெரியும்."

அவன் அவள் கையைப் பிடித்து வீடு முழுக்கக் கூட்டிக்கொண்டு போனான். இது பாத்ரூம் சுவிட்ச், இது பேன், இது மாடிப்படி விளக்கு என்று ஒவ்வொன்றின் மேலும் அவள் விரலை வைத்துக் காட்டினான். பயணக் களைப்பில் அவள் பேசிக்கொண்டே ஹால் தரையில் சாய்ந்து தூங்கிப்போனாள். வெளியே பொழுது சாய்ந்தது. எத்தனையோ மாதமாக அவன் நினைத்து நினைத்து வைத்திருந்த சாயங்காலம் அது. தன் வீட்டு வாசலில் நின்று அவள் தன் கையாலேயே விளக்கைப் போடுவாள் என்று நினைத்திருந்தான். எழுப்பலாமா என்று குனிந்தான். வாயைத் திறந்து, குழந்தைபோல் தூங்கிக்கொண்டிருந்தாள். பச்சையப்பன் சத்தமில்லாமல் போய் சுவரில் இருந்த சுவிட்சைத் தானே அழுத்தினான். அந்தப் பெட்டி வந்ததிலிருந்து அந்தச் சுவிட்சில் அவன் கை பட்டது அன்றுதான்.

லீவு நாட்கள் பிரியாணி, உறவுக்காரர்கள், ஆலங்காயம், அவள் அம்மா வீடு என்று ஓடின. ஆனால் அடிக்கடி அவள் போனையே பார்த்துக்கொண்டிருப்பதை அவன் கவனித்தான். வார்டில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அவளே சொன்னாள்.

"என்ன வார்டுக்கே பொறுப்பா, சார்ஜ் நர்ஸா போடறேன்றாங்க. நான் சரின்னுட்டேன். உங்ககிட்ட கேக்காம சொல்லிட்டேன்."

அவன் ஒரு வேட்டியை உதறிக் கொடியில் போட்டான்.

"வூடு கட்டியாச்சே எழிலு. இன்னும் எதுக்கு?"

"வூட்டுக்காகத்தான் போனேன். இப்ப வூட்டுக்காக இல்லங்க." அவள் அவன் முகத்தைப் பார்த்தே பேசினாள். "எனக்கு அந்த வேல புடிச்சிருக்கு. அங்க இருக்கும்போது இந்த வூட்ட நெனச்சி ஏங்கிப்போறேன். இங்க வந்தா, அந்த ஏழாம் பெட் ஆளு மூச்சு விடுறானா இல்லியான்னு மனசு அங்க ஓடுது. எது நெசம்னு எனக்கே தெரியல. உங்க மேல ஆசை கம்மின்னு மட்டும் நெனச்சிடாதீங்க."

தூரத்தில் பெங்களூர் ரயில் போயிற்று. நசுங்கிய தன் கையை அவள் தினமும் பிரித்துப் பார்த்த நாட்கள் அவனுக்கு நினைவு வந்தன. இவளை இவளாகப் பார்த்ததே ஒரு வார்டில்தான் என்று தோன்றியது. போகாதே என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் இருந்தாலும் இருந்துவிடுவாள் என்ற பயத்திலேயே அவன் சொல்லவில்லை.

"போய்ட்டு வா" என்றான். அவள் ஈரத் துணியோடு வந்து அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அவன் ஓய்ந்த நேரத்தில் எதையோ சூடு வைத்து ஒட்டிக்கொண்டிருந்தான். அவள் கிளம்பும் அன்று உள்ளங்கை அளவில் ஒரு குட்டி விளக்கை அவள் பெட்டியில், புடவைகளுக்கு நடுவில் வைத்தான். தையல் லைனில் வீணான தோல் துண்டு ஒன்றை அதற்கு அடியில் ஒட்டியிருந்தான்.

"இன்னாங்க இது?"

"உன் ரூம்ல சொருகி வை. அங்க வைஃபைல சேத்துட்டா அது நம்ம பொட்டியோட பேசும். இத்தினி நாளா நீயே போட்டுகினு இருந்த. இனிமே உன் ரூம் லைட்ட நான் இங்கேர்ந்து போடுறேன்."

"நான் வாசல் லைட்டு போடலன்னா இருட்டுல உக்காருவீங்களா?"

"மாட்டேன். நானே எழுந்து போடுவேன். நேரம் இருந்தா நீ போடு. இல்லன்னா அங்க பெட்ல கீற ஆளப் பாரு."

அவள் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தகராறு வந்தது. எழிலரசியோடு அறையில் தங்கியிருக்கும் கோட்டயத்து நர்ஸ் நைட் டியூட்டி முடித்துவந்து பகலில் தூங்குபவள். இங்கே சாயங்காலம் அவன் போட்ட குட்டி விளக்கு அங்கே பகலில் கண்ணில் அடித்துத் தூக்கி வாரிப்போட்டு எழுந்தவள், எழிலரசியிடம் நம்பர் வாங்கி அவனுக்கு மலையாளத்தில் ஒரு நீளமான குரல் செய்தி அனுப்பினாள். பாதிதான் புரிந்தது, அதுவே போதுமாக இருந்தது. பச்சையப்பன் மன்னிப்புக் கேட்டு, விளக்கு மிகவும் மங்கலாக, கண் திறந்திருப்பவர்களுக்கு மட்டும் தெரியும் அளவில் எரியும்படி மாற்றிவிட்டான்.

இப்போதெல்லாம் ஷிப்ட் விட்டு வந்ததும் அவன் செய்கிற முதல் வேலை வாசல் சுவிட்சை அழுத்துவது. பிறகு போனை எடுத்துக் குவைத்தில் இருக்கும் அந்தக் குட்டி விளக்கைப் போடுகிறான். எரிகிறது என்று திரை சொல்கிறது. அந்நேரம் அந்த அறையில் அவள் இருக்கிறாளா, ஏதோ ஒரு கட்டிலருகே நிற்கிறாளா, தூங்குகிறாளா என்று அவனுக்குத் தெரியாது. அவளும் எல்லா நாளும் சொல்வதில்லை. அவன் கேட்பதும் இல்லை. கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அரிசி கழுவ எழுந்து போகிறான்.